ரத்தான பின்னும் ஓடிய பம்ப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. படியேறும்போதே ஈரச் சாக்கின் வாடையும் மல்லிகை மணமும் கலந்து மூக்கில் ஏறும். மேலே இரண்டு அறை, மூன்று கணினி, அறையைக் குளிரவைக்க, ஓடத் தொடங்கினால் கத்திப் பேச வைக்கும் ஒரு பழைய ஏர்கோன். புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டே பேர்: பாஸும் நானும்.

பாஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர். என்னைவிடப் பத்து வயதுபோல மூத்தவர். இங்கிலாந்தில் படித்தவர், அங்கிருந்து ஃபங்ஷனல் புரோகிராமிங்கைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் கோலாலம்பூரில் கணினித் தொழிலில் இருப்பவர்களே நெற்றியைச் சுருக்குவார்கள். மற்ற மொழிகளில் 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளைகளை அடுக்கிக்கொண்டே போவோம். இதில் எல்லாம் கணக்குப் பாடத்தில் வரும் சார்புகளைப் போல இருக்கும். ஒன்றைக் கொடுத்தால் ஒன்று வரும், வேறெதையும் தொடாது. எனக்கு அந்தச் சுத்தம் பிடித்திருந்தது.

ஆனால் நாங்கள் எழுதியது தொழிற்சாலைகளுக்கு. அங்கே வெளியுலகத்தைத் தொடாமல் ஒன்றும் நடக்காது. வால்வு திறக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும். அப்படி வெளியுலகத்தைத் தொடும் வேலைகளை 'விளைவு' என்று தனியாகப் பிரித்துவைத்தார் பாஸ். ஒவ்வொரு விளைவையும் ஒரு பொட்டலம் போலக் கட்டி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, தேவைப்படும்போது ஓடவிடலாம். பாதியில் நிறுத்தவும் செய்யலாம். அந்த நிறுத்தும் பகுதிதான் அவருடைய பெருமை.

"எந்த எடத்துல ஓடிக்கிட்டு இருந்தாலும் சரி, ஒரே பொத்தான். சுத்தமா நின்னுடும் லா," என்று வருகிறவர்களிடமெல்லாம் அழுத்திக் காட்டுவார். திரையில் தொட்டியும் குழாயும் படமாக ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தியதும் சட்டென்று நின்றுவிடும். கீழே மலாயில் 'ரத்தாகிவிட்டது' என்று வரும்.

அதைப் பார்த்துத்தான் ஷா ஆலமில் ஒரு சோப்புத் தொழிற்சாலை எங்களுக்கு வேலை கொடுத்தது. பெரிய கலவைத் தொட்டி ஒன்றில் சுடுநீரும் செம்பனை எண்ணெயும், தோலில் பட்டால் வெந்துபோகும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர வேண்டும். எதை எப்போது எவ்வளவு விடுவது என்பதை எங்கள் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. நாங்கள் கேபிள் வழியாக அதற்குச் சொல்வோம், அது பம்ப்பை ஓட்டும்.

அந்தத் தொழிற்சாலையின் இன்ஜினியர் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், சத்தமாகச் சிரிப்பவர், சேஃப்டி விஷயத்தில் மட்டும் துளிகூடச் சிரிக்காதவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தொட்டியைக் கவனித்துக்கொண்ட ஃபிட்டர் சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார், என்னை 'மிஸ்' என்பார்.

தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்த சோதனைகள் நன்றாகப் போயின. முதன்முதலாக உண்மையான காஸ்டிக்கை விட்டுப் பார்த்த மதியம், பாஸ் வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். கண்ட்ரோல் ரூமில் நானும் அக்காவும். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே தொட்டி தெரிந்தது. கலவைக் கருவியின் இரைச்சல் சன்னலையும் தாண்டி வந்தது.

சுடுநீர் நிறைந்தது. காஸ்டிக் பம்ப் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தொட்டியின் நீர்மட்டம் காட்டும் எண் திரையில் ஏறி இறங்கித் துள்ள ஆரம்பித்தது.

"சென்சார்ல ஏதோ கோளாறு. ரத்து பண்ணு," என்றார் அக்கா.

அழுத்தினேன். படம் நின்றது. 'ரத்தாகிவிட்டது' என்று வந்தது.

அக்கா வாக்கி-டாக்கியை எடுத்தார். "அண்ணே, ரத்தாயிடுச்சு. மேல போய் சென்சாரப் பாருங்க."

ஃபிட்டர் கீழிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தொட்டியின் மேல் இருந்த மேடைக்கு ஏணியில் ஏறினார். சென்சார் தொட்டியின் மூடியில்தான் பொருத்தியிருந்தது. வாக்கி-டாக்கியை மேடைக் கம்பியில் மாட்டிவிட்டு, குனிந்து மூடியின் நட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார்.

எனக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மீட்டர் இருந்தது. எங்கள் புரோகிராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஸ்டிக் குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்பதை நேராகக் காட்டும் முள். அது இறங்கவில்லை. பழைய மீட்டர், மெதுவாக இறங்கும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன். முள் அசையவில்லை.

"அக்கா, பம்ப் ஓடுதுக்கா."

"ரத்துன்னு போட்டிருக்கே?"

மறுபடியும் அழுத்தினேன். 'ரத்து செய்ய எதுவுமில்லை' என்றது திரை. அந்த வரியை நான்தான் மலாயில் எழுதியிருந்தேன். அதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரோகிராமைப் பொறுத்தவரை பம்ப் என்று ஒன்றே கிடையாது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அக்கா வாக்கி-டாக்கியில் கத்தினார். "அண்ணே இறங்குங்க! இறங்குங்கண்ணே!" ஃபிட்டரின் வாக்கி-டாக்கி மேடைக் கம்பியில் தொங்கிக்கொண்டு, கலவைக் கருவியின் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தது. ஃபிட்டர் கடைசி நட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

அவசரத்துக்கு எல்லா மோட்டாரையும் நிறுத்தும் சிவப்புக் குமிழ் கதவோரம் இருந்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி உள்ளங்கையால் அதை அடித்தார். தொழிற்சாலையின் அந்தப் பக்கம் முழுவதும் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் ஃபிட்டரின் அலறல் கேட்டது.

கையுறைக்கு மேலே, முழங்கை வரைக்கும் காஸ்டிக் தெறித்திருந்தது. கழுத்திலும் கொஞ்சம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அவரை அவசர ஷவருக்கு அடியில் நிறுத்தி, அக்காவே சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கிள்ளான் மருத்துவமனைக்கு அவரோடு வேனில் போனோம். கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தபோது அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"மிஸ், ரத்துன்னு போட்டுச்சா இல்லையா?"

"போட்டுச்சுண்ணே."

"அப்போ ஏன் ஓடுச்சு?"

 தெரியவில்லை என்று சொல்லாமல், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வாசலிலேயே முகத்தைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ்தான். "என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? சாப்பிட்டியோ?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீர் மேலே விழுந்ததும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பாஸ் எனக்கு முன்பே அலுவலகத்தில் இருந்தார். நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரே, இரண்டு வாங்கிவைத்திருந்தார்.

"ஃபேக்டரி மேனேஜர்கிட்ட பேசிட்டேன். சென்சார் கோளாறு. அத மாத்திட்டு அடுத்த வாரம் தொடங்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"சென்சாராலயா பம்ப் ஓடுச்சு? நாம ரத்துன்னு சொன்னதுக்கப்புறம் ஓடுச்சு பாஸ்."

"பெட்டில ஏதாவது இருக்கும். நம்ம பக்கம் சரியாதான் இருக்கு. எத்தனை தடவ டெஸ்ட் பண்ணியிருக்கோம், நீயே பார்த்தியே?"

"பார்த்தேன். நம்ம கணினியில பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"அவர் கையை நீங்க பார்க்கலை பாஸ்."

 நான் தே தாரேயைத் தொடாமல் என் மேசைக்குப் போனேன்.  வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் விட்டுவிட்டுப் போனால் அடுத்த வாரம் அந்தத் திரைக்கு முன்னால் வேறு யாரோ உட்காருவார்கள். வேறு யாரோ மேலே ஏறுவார்கள். அந்த எண்ணம் என்னை விடவில்லை.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஷா ஆலம் போனேன். தொழிற்சாலையில் இன்னொரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஸ்பேராக இருந்தது எனக்குத் தெரியும். அக்காவிடம் அதைக் கடனாகக் கேட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேனேஜருக்குத் தெரிஞ்சா என் தலைய எடுத்துடுவாரு. சென்சார மாத்துற வரைக்கும் உங்க ஆளுங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"இது இல்லாம கண்டுபிடிக்க முடியாதுக்கா."

 அக்காவே பெட்டியைத் துணியில் சுற்றி என் பையில் வைத்து, கேட் வரைக்கும் கூடவே வந்தார். "கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டு மறைக்காம என்கிட்ட சொல்லு," என்றார்.

மறுநாள் காலை அந்தப் பெட்டியை என் மேசையில் வைத்து, பம்ப்புக்குப் பதிலாக மேசை மின்விசிறியை அதில் இணைத்தேன். எங்கள் புரோகிராமை ஓடவிட்டேன். 'காஸ்டிக் விடப்படுகிறது' என்றது திரை. விசிறி சுற்றத் தொடங்கியது. பாஸைக் கூப்பிட்டேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். ரத்துப் பொத்தானை அழுத்தினேன்.

'ரத்தாகிவிட்டது.'

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மேசையில் கிடந்த தாள்கள் ஒன்றொன்றாகப் பறந்து கீழே விழுந்தன. பாஸ் அவற்றை எடுக்கக் குனியவில்லை. விசிறியையே பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் முதலில் எரிச்சல் இருந்தது, பிறகு அது மெல்லப் போய்விட்டது.

"நான் காத்திருக்கறதத்தான் ரத்து பண்ணியிருக்கேன்," என்றார் கடைசியில். "வேலைய ரத்து பண்ணவே இல்ல."

விஷயம் இதுதான். எங்கள் விளைவுகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, நின்று கேட்கிற வேலை. தொட்டியின் சூடு என்ன என்று பெட்டியிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை புரோகிராம் அங்கேயே நிற்கும். மற்றது, சொல்லிவிட்டு வருகிற வேலை. 'இவ்வளவு காஸ்டிக் விடு' என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் வேறு வேலையைப் பார்க்கும். முடிந்ததும் பெட்டி தகவல் சொல்லும். ரத்து என்றால் அந்தத் தகவலுக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். பெட்டிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் கணினியில் சோதித்தபோது பம்ப்பும் புரோகிராமுக்குள்ளேயே இருந்த ஒரு பொம்மை. காத்திருப்பு அழிந்ததும் அதுவும் சேர்ந்து அழிந்தது. நாங்கள் நின்றுவிட்டது என்று நம்பினோம். தொழிற்சாலையில் தண்ணீரோடு சோதித்தபோது ரத்துப் பொத்தானை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

பாஸ் அப்போதே தொலைபேசியை எடுத்தார். மேனேஜரிடம், "சென்சார் இல்ல சார், எங்க பக்கம்தான் தப்பு," என்று சொன்னார். மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. வேலை எங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். அக்கா மட்டும் குறுக்கே நின்று, சரிசெய்ய ஒரு வாய்ப்பு வாங்கிக்கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது.

அந்த வாரங்களில் பாஸ் தன் பெருமையைத் தானே பிரித்துப்போட்டார். பொத்தானைத் தொடவே எனக்குப் பயமாக இருந்த நாட்கள் அவை. ஒவ்வொரு விளைவும் தன்னை நிறுத்தும் வழியையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று முடிவுசெய்தோம். பம்ப்பை ஓட்டு என்றால், அதை நிறுத்து என்பதும் அதே பொட்டலத்தில் இருக்க வேண்டும். அப்போதும் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஓட்டச் சொல்லியாகிவிட்டது, நிறுத்தும் வழியை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. அந்த நொடியில் ரத்து வந்தால்? அதைப் பிடிக்க நான் பொத்தானை மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் விசிறி நின்றது. திடீரென்று ஒரு தடவை நிற்காது. அந்த ஒரு தடவை விசிறி சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் மூடியைத் தூக்கும் கைகள் கண்ணுக்கு முன்னால் வரும். கடைசியில், ஓட்டச் சொல்வதும் நிறுத்தும் வழியைக் குறிப்பதும் சேர்ந்து முடியும்வரை ரத்து வாசலில் காத்திருக்க வேண்டும் என்று எழுதினோம். அதன்பின் எவ்வளவு தட்டியும் அது தப்பவில்லை.

நின்று கேட்கிற வேலையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது பாஸ்தான். புரோகிராம் பதிலுக்காக அப்படியே நிற்கும்போது, ரத்து என்று கத்தினாலும் அதற்குக் காது கேட்காது. அந்தக் காத்திருப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே யாராவது ரத்து சொன்னார்களா என்று பார்க்கவைத்தார்.

திரையில் என்ன காட்டுவது என்பதில்தான் மறுபடி சண்டை வந்தது. பொத்தானை அழுத்தியதும் 'நிறுத்தப்படுகிறது' என்று வர வேண்டும், பம்ப் நின்றது என்று பெட்டியே சொன்ன பிறகுதான் 'நின்றுவிட்டது' என்று வர வேண்டும். இதில் இருவருக்கும் சம்மதம். பெட்டி பதிலே சொல்லாவிட்டால்?

"கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னுடுச்சுன்னு போடு," என்றார் பாஸ். "நிறுத்தச் சொல்லியாச்சில்ல."

"நின்னுச்சான்னு நமக்குத் தெரியாதே பாஸ். 'நிலை தெரியவில்லை'ன்னு போடணும்."

"காசு கொடுத்து வாங்கின சிஸ்டம் தெரியலேன்னு சொன்னா எவன் லா வாங்குவான்?"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "தெரியலேன்னா தெரியலேன்னு போடுங்க. சிவப்பு எழுத்துல பெருசா போடுங்க," என்றார்.

மறுசோதனை நாளில் தொட்டியில் வெறும் தண்ணீர்தான். ஆனாலும் கண்ட்ரோல் ரூமில் யாரும் உட்காரவில்லை. மேனேஜர் பின்னால் கைகட்டி நின்றார். ஃபிட்டரும் வந்திருந்தார். முழங்கையில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. நான் உட்காரப் போனபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அமுக்கறேன் மிஸ்."

நான் விலகி நின்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பம்ப்பையும் சுவரில் இருந்த முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். நின்றது. மறுபடி ஓட்டச் சொன்னார். தொடங்கிய உடனே அழுத்தினார், பாதியில் அழுத்தினார், முடியப்போகும்போது அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் 'நிறுத்தப்படுகிறது' என்று வந்து, முள் இறங்கி, பிறகு 'நின்றுவிட்டது' என்று வந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது ஒரு தடவை 'நிறுத்தப்படுகிறது' என்று வந்தது. அந்த வரி மாறாமல் அப்படியே நின்றது. முள் இறங்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.  பாஸ் என் தோளுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தார், ஜெபம் என்று நினைக்கிறேன். பிறகு திரை முழுவதும் சிவந்தது. 'பம்ப் நிலை தெரியவில்லை. அருகில் போகாதீர்கள்.'

ஃபிட்டர் எழுந்து போய்ச் சிவப்புக் குமிழை அடித்தார். பம்ப் நின்றது.

அக்கா அறை மூலையிலிருந்து வந்தார். அவர் கையில் எங்கள் கேபிளின் முனை இருந்தது. யாருக்கும் சொல்லாமல் அவர்தான் பிடுங்கியிருந்தார்.

"இதத்தான் பார்க்கணும்னு நெனச்சேன்," என்றார். "பொய் சொல்லல."

பாஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அதுதான் அவருடைய சம்மதம்.

நான் ஃபிட்டரிடம், "இப்போ நம்பிக்கை வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை எடுத்துக் காட்டினார். தொட்டி மேல் ஏறுவதற்கு முன் பம்ப்பின் மெயின் சுவிட்சை அணைத்து அந்தப் பூட்டைப் போடுவாராம். சாவி அவரிடமே இருக்குமாம். அதற்கு அக்கா மேனேஜரிடம் போராடி உத்தரவு வாங்கியிருந்தார்.

"உங்க புரோகிராம் நல்லாத்தான் இருக்கு மிஸ்," என்றார். "ஆனா ஏறுறது நான்தானே."

எனக்கு அது வலிக்கவில்லை. நானாக இருந்தாலும் பூட்டைத்தான் நம்பியிருப்பேன் என்று அவரிடமே சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தத் தொட்டி எங்கள் புரோகிராமில் பல வருடங்கள் ஓடியது. பாஸ் பிறகு கம்பெனியை மூடிவிட்டுப் பாடம் நடத்தப் போனார். நானும் வேறு வேலைக்கு மாறினேன். மாறும்வரை அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு புகார்தான் திரும்பத் திரும்ப வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆப்பரேட்டர் யாராவது ஃபோன் செய்து, "மிஸ், உங்க ரத்துப் பொத்தான் ரொம்ப ஸ்லோ லா. அமுக்கினா உடனே நின்னுடுச்சுன்னு வர்ற மாதிரி மாத்த முடியாதா?" என்பார்.

"பொத்தான் ஸ்லோ இல்ல தம்பி, பம்ப் நிக்கத்தான் அவ்வளவு நேரமாகுது," என்று சொல்லிவிட்டு வைப்பேன்.